செல்விக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அண்ணன் வீடு மாறிவிட்டான், அதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புது வண்டி வீடியோவைப் பார்த்தேன். அதற்கப்புறம் உன்னிடமிருந்து பேச்சே இல்லை. வேலை அதிகமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று ஒரு வரி போட எவ்வளவு நேரமாகும்?

சொந்தச் சம்பாத்தியத்தில் பி.எம்.டபிள்யூ எம்5 வாங்கியிருக்கிறாய். பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1980களில் வந்த முதல் எம்5-க்கு 286 குதிரைத்திறன். அதையே வாய்பிளந்து பார்த்தோம். உன்னுடையதில் 600. 4.4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, நின்ற இடத்திலிருந்து 3.4 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம். நாலு பேர் சொகுசாக உட்கார்ந்து போகிற வண்டிக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் அம்மாடி, ஓடுகிற கணக்கு வேறு, நிற்கிற கணக்கு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். 100-ல் 40 மீட்டரில் நிற்கிற வண்டி 200-ல் 160 மீட்டர் கேட்கும். கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆனாலே 55 மீட்டர் போயிருக்கும். ஏறக்குறைய இரண்டு டன் எடையைப் பிடித்து நிறுத்துவது டயருக்கு உள்ளங்கையகல ரப்பர்தான். அதனால் டயரில் காற்றைப் பார். கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், குளிர்காலத்தில் அதோடு கிளம்பாதே.

வண்டி சறுக்காமல் பிடித்துக்கொள்கிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்காதே. அதை அணைத்தால்தான் பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகிற மோடு கிடைக்கும் என்று தெரியும். அது ரேஸ் டிராக்கில் செய்கிற வேலை. சித்தப்பா விஷயத்தை மறுபடி எழுதப் போவதில்லை.

வீடியோவில் ஸ்பீடோமீட்டர் முள் ஏறுகிறபோது ஸ்டீயரிங்கில் ஒரு கைதான் தெரிந்தது. இன்னொரு கை... சரி, அது போகட்டும். சைக்கிள் ஓட்டக் கற்ற நாளிலிருந்தே நீ பயந்தவள் இல்லை. அதில் எனக்குப் பெருமைதான். அதனால்தான் தூக்கமும் வரமாட்டேன் என்கிறது.

வேகம் பார்க்க வேண்டுமா, டிராக்குக்குப் போ. நானும் வருகிறேன், பக்கத்து சீட்டில் உட்காருகிறேன். அந்த 3.4 வினாடி முதுகை எப்படி அழுத்தும் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. ஓட்டிக்கொண்டே வேண்டாம், நிறுத்திவிட்டுப் பண்ணு. டயர் காற்றைப் பார்.

அன்புடன்,
அப்பா