ஆண்டறிக்கை: வாசகர் வட்டம், தருமபுரி

அனைவருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கான நேரத்தை இணையதளங்களை நகலெடுத்து வைத்த வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்து நடுகற்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, கல்வெட்டு வரிகளோடு ஒரு தளத்தில் ஏற்றி வைத்திருந்தார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் மறைந்த பிறகு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லை. தளம் போய்விட்டது. துக்கம் கேட்கப் போன எங்களில் ஒருவருக்கும் அன்று இது தோன்றவில்லை. அந்த வருத்தத்தில்தான் தொடங்கினோம்.

கருவியின் பெயர் டபிள்யூகெட். 1996இல் வெளிவந்த இலவச மென்பொருள். கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். அந்த வரியில் 'மிரர்' என்று கொடுத்தால் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போய் முழுத் தளத்தையும் இறக்கும். 'பேஜ் ரெக்விசிட்ஸ்' சேர்த்தால் பக்கத்துக்கு வேண்டிய படங்களும் வரும். 'கன்வர்ட் லிங்க்ஸ்' மிக முக்கியம். இணைப்புகளை நம் கணினியில் இறங்கிய கோப்புகளுக்கே அது திருப்பிவிடும். அதை விட்டுவிட்டு எடுத்த எங்கள் முதல் நகல், நெட் இல்லாத இடத்தில் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது. அடுத்த முறை பாதியில் கரண்ட் போயிற்று. எல்லாம் இறங்கி முடிந்த பிறகே இணைப்புகள் திருத்தப்படும் என்பது அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, அதே வரியை மறுபடி தட்டியதும், ஏற்கெனவே வந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை எடுத்தது.

'வெயிட்' கொடுத்து ஒவ்வொரு கோப்புக்கும் இடையில் இரண்டு விநாடி விடுகிறோம். சின்னத் தளத்தை ஒரே மூச்சில் இழுப்பது, ஊருக்கே பொதுவான கிணற்றில் ஒருவர் மட்டும் மோட்டார் போட்டு இறைப்பது போல. தளம் நடத்துபவரிடம் கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் உலாவியில் ஓடினால்தான் பக்கமே தெரியும் என்கிற தளங்கள் இதற்குப் பிடிபடாது.

1998 முதல் தன்னார்வலர்கள் நடத்தும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை, முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாருக்கும் கொடுக்கலாம். அவற்றில் சிலவற்றைப் பென் டிரைவில் போட்டுச் சித்தேரி மலைக்குக் கொண்டுபோனோம். தகடூர் அதியமானை ஔவை பாடிய பாட்டுகளை, சிக்னல் எட்டாத ஒரு வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை சத்தமாக வாசித்தாள். இந்த ஆண்டில் எனக்கு நிறைவான நாள் அது.

ஆசிரியரின் தளத்தில் சில பக்கங்கள், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் கிடைத்தன. படங்கள் பெரும்பாலும் இல்லை. அவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய நடுகல் படம் ஒன்றாவது இருக்கும். கூட்டம் முடிந்ததும் போனைத் தேடிப் பார்த்து, எந்த ஊர்க் கல் என்ற குறிப்போடு என்னிடம் கொடுங்கள்.

செயலாளர்