ப்ளஸ் ஒன் மாணவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள் தமிழ்நாட்டில் பெருகிவருவது குறித்துத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டணத்தையும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையையும் விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அந்தப் பாடத்திட்டத்தில் சேரும் பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் என்னதான் படிக்கிறது என்பதைத் தொடவே இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அதுவே முதன்மையானதாகப் படுகிறது.

அத்தகைய பாடத்திட்டங்களுள் ஒன்றான, 1968-ல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பேக்கலாரியேட், அதாவது ஐ.பி., நமக்குப் புதியதன்று. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1976-லேயே இந்தியாவில் முதலாவதாக அதை ஏற்றுக்கொண்டது. அதன் டிப்ளமோ படிப்பை ப்ளஸ் டூவுக்கு இணையானதாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்கிறது. மாணவர் ஆறு பாடங்கள் படிக்க வேண்டும். பொதுவாக மூன்றை உயர்நிலையில் தலா 240 மணி நேரமும், மூன்றை இயல்புநிலையில் தலா 150 மணி நேரமும் படிக்கிறார். பொறியாளராக விரும்புபவரும் இலக்கியத்தையோ, வரலாறு அல்லது பொருளியல் போன்ற ஒரு பாடத்தையோ விட்டுவிட முடியாது. வரலாற்றில் நாட்டமுள்ளவருக்கும் கணக்கிலிருந்து விலக்கு இல்லை. நம்மிடமோ முதல் குரூப்பில் சேர்ந்த அன்றோடு வரலாறு முடிந்துவிடுகிறது. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 போக மொழிப்பாடத்துக்கு இடமே இல்லாததால், தமிழாசிரியரின் பாடவேளையைக் கணக்காசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வது பல பள்ளிகளில் எழுதப்படாத வழக்கமாகவே இருக்கிறது.

ஆனால் அந்தப் படிப்பில் நான் பெரிதாக மதிப்பது பாடங்களின் எண்ணிக்கையை அன்று. ஒவ்வொரு மாணவரும் எழுதியே தீர வேண்டிய விரிவான ஆய்வுக் கட்டுரையை. தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். 4,000 சொற்களுக்கு மிகக்கூடாது. வழிகாட்டும் ஆசிரியர் ஒரு மாணவருக்கு மொத்தமாக மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் போதும். எழுதி முடித்த பிறகு ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து நேர்காணலாகப் பேச வேண்டும். கட்டுரையைத் திருத்துவது பள்ளிக்கு வெளியே உள்ள தேர்வாளர். தன் ஊர்க் கிணற்று நீரின் கடினத்தன்மை கோடையில் ஏன் மாறுகிறது என்று ஒரு மாணவி கேட்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வியைப் பதில் தேடக்கூடிய அளவுக்குச் சுருக்குவதற்கே அவளுக்குப் பல வாரங்கள் ஆகும். எத்தனை கிணறுகள், எந்தெந்த நாள்களில் மாதிரி எடுப்பது, முன்பே யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், தன் அளவீட்டில் பிழை எவ்வளவு என்பதையெல்லாம் அவளே முடிவுசெய்ய வேண்டும். எந்தக் கைடிலும் இதற்கு விடை கிடையாது.

அறிவியல் பாடங்களிலும் இதே போக்குதான். மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு, மாணவர் தாமே வடிவமைத்துச் செய்யும் ஒரு சோதனைக்கு உரியது. நம் செய்முறைத் தேர்வில் வரவேண்டிய விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அளவீட்டை அதற்கு ஏற்றாற்போல் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதும் கலையைப் பிள்ளைகள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். அறிவியலின் பெயரால் நாம் கற்பிக்கும் முதல் பொய் அது என்று நான் கருதுகிறேன்.

நமக்குத் தெரிந்தது எப்படித் தெரிந்தது என்று ஆராயும் அறிவுக் கோட்பாடு என்ற பாடமும் படைப்பு, செயல்பாடு, சேவை என்ற பகுதியும் கட்டாயமானவை. பின்னதற்கு மதிப்பெண் கிடையாது என்றாலும் நிறைவுசெய்யாதவருக்கு டிப்ளமோவும் கிடையாது.

இவையெல்லாம் வசதி படைத்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் ஒத்துவரும் என்ற எண்ணத்துக்குச் சிகாகோவில் பதில் இருக்கிறது. அந்நகரின் பள்ளி நிர்வாகம் 1997-ல் பதின்மூன்று சாதாரண அரசுப் பள்ளிகளில் ஐ.பி. வகுப்புகளைத் தொடங்கியது, அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். டிப்ளமோ வகுப்பு வரை சென்றவர்கள், அதே பின்னணியும் திறனும் உடைய பிற மாணவர்களைவிட நான்காண்டுக் கல்லூரிகளில் அதிகம் சேர்ந்தார்கள், சேர்ந்த பிறகு படிப்பை விடாமல் தொடர்ந்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. தொடங்கியவர்களில் கணிசமானோர் டிப்ளமோவை எட்டாமலே விலகியதையும் அது மறைக்கவில்லை. கடினமான படிப்பு என்றால் ஆசிரியரின் துணையும் அதற்கேற்ப வேண்டும் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

நீட், ஜே.இ.இ. தேர்வுகளையே குறியாகக் கொண்ட பெற்றோருக்கு இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தேர்வுகள் கேட்கும் வேகமும் பயிற்சியும் வேறு. இரண்டையும் ஒருசேரச் சுமப்பது பிள்ளைக்குத் தண்டனை. ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் கட்டணத்தை நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்துக் கட்டுபவர்களிடம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

நம் அரசுக்குச் சொல்ல ஒன்று உண்டு. ப்ளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, ப்ளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தும் தனியார் பள்ளிகளின் பழக்கத்தைத் தடுக்கவே 2017-18-ல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு இப்போது நீக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் காலியான அந்த இடத்தில் எதையும் வைக்காவிட்டால் பழைய பழக்கம் திரும்பிவிடும். ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்கு மிகாத ஓர் ஆய்வுக் கட்டுரையை, தமிழிலோ ஆங்கிலத்திலோ, ஒவ்வொரு ப்ளஸ் ஒன் மாணவரும் எழுத வேண்டும் என்று அங்கே விதிக்கலாம். இதற்குச் சுவிட்சர்லாந்தின் அனுமதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்து ஒட்டிவிடுவார்களே என்பார்கள். அதற்காகத்தான் பத்து நிமிட நேர்காணல். தான் எழுதாத கட்டுரையைப் பற்றி மூன்றாவது கேள்விக்கு மேல் யாராலும் பேச முடியாது. பொதுத்தேர்வு விடைத்தாள்களை வேறு பள்ளி ஆசிரியர்களைக் கொண்டு திருத்தும் ஏற்பாடு நம் தேர்வுத் துறையிடம் ஏற்கெனவே இருப்பதால், கட்டுரைகளையும் அவ்வழியிலேயே திருத்தலாம். முதல் ஆண்டில் மாவட்டத்துக்குச் சில அரசுப் பள்ளிகளில் மட்டும் தொடங்கினாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
திண்டுக்கல் மாவட்டம்.