நாஷ்வில் கடைகளை மூடியது வாசகர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் புத்தகக் கடைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவிலேயே வாசகர்கள் ஆன்லைன் பக்கம் போய்விட, அந்த வியாபாரம் கடைகளை விழுங்கிவிட்டது, அங்குள்ள தென் மாநில ஊர்களில் கிதாரைத் தவிர வேறு கலை ஏது என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருந்தார். மகளின் பிரசவத்துக்காக நான்கு மாதமாக டென்னசியின் நாஷ்வில்லில் இருக்கிறேன். கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு அடுத்தபடி புத்தகக் கடையைத்தான் விசாரிப்பேன். அதனால் எழுதுகிறேன்.

இங்கே கடைகள் மூடியது உண்மை. டேவிஸ்-கிட் என்ற கடையை 1980-இல் இரண்டு பெண்கள் தொடங்கினார்கள். பிறகு அது வெளியூர் நிறுவனமொன்றுக்குக் கைமாறியது. 2010-இல் அந்த நிறுவனம் திவாலாக, இந்தக் கடைக்கும் பூட்டு விழுந்தது. அடுத்த ஆண்டு பார்டர்ஸ் என்ற பெரிய புத்தகக் கடை நிறுவனம் நாடு முழுக்கத் தன் கடைகளை மூடியது. இங்கிருந்த கிளையும் போயிற்று. ஆனால் இரண்டுமே லாபத்தில் ஓடியவைதான் என்று இவ்வூர் நாவலாசிரியர் ஆன் பாட்செட் எழுதியிருக்கிறார். வாங்க ஆள் இருந்தார்கள். கடன் இந்தக் கடைகளில் அல்ல, அவற்றின் தலைமை நிறுவனங்களில் ஏறிக் கிடந்தது. ஆன்லைன் அடியே விழவில்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காகப் பழி மொத்தத்தையும் வாசகர் தலையில் கட்டுவானேன்?

அதே பாட்செட்டும், பதிப்பகத்தில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த கேரன் ஹேஸும் சேர்ந்து 2011 நவம்பரில் பர்னாசஸ் என்ற கடையைத் திறந்தார்கள். கிரேக்கப் புராணத்தில் கலைத் தேவதைகள் வாழும் மலையின் பெயர் அது; பெயரைப் பார்த்து மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். கிரீன் ஹில்ஸ் பகுதியில் ஒரு டோனட் கடைக்குப் பின்னால், வரிசைக் கடைகளில் ஒன்று. உள்ளே நாய்கள் சுதந்திரமாக உலாவுகின்றன. முதல் நாள் நான் வாசலோடு நின்றுவிட்டேன். பேத்திக்கான படப் புத்தகத்தை மகள்தான் உள்ளே போய் வாங்கி வந்தாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது இன்னொன்று. எழுத்தாளர் சந்திப்புகளை நகரப் பொது நூலகமும் இந்தக் கடையும் கைகோத்து நடத்தியிருக்கின்றன. நான் வேலையில் இருந்த காலத்தில் புத்தகங்கள் மேலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கும். தெருமுனைப் புத்தகக் கடைக்காரருக்கும் எனக்கும் வணக்கத்தோடு சரி. அவரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிதார் விஷயத்துக்கு வருகிறேன். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866-இல் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் மறைந்த தம் கணவர், புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸின் பெயரால் 101 கலைப்படைப்புகளை 1949-இல் அங்கே கொடுத்தார். பிக்காசோ, செசான் எல்லாம் அதில் உண்டு. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தில் கொடுத்தது. பிற்பாடு பல்கலைக்கழகம் பண முடையில் சிக்கி, விற்கப் பார்த்து, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2012-இல் பாதி உரிமை மூன்று கோடி டாலருக்கு ஆர்கன்சாவிலுள்ள ஒரு அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்போது படங்கள் இரண்டு வருஷம் இங்கே, இரண்டு வருஷம் அங்கே. இதிலும் ரசிகர்கள் இல்லை என்பதா சிக்கல்?

ஆகவே கட்டுரையாளர் அடுத்த முறை ஒரு கடை மூடியதைப் பற்றி எழுதினால், இடம் யாருடையது, வாடகை என்ன, கடன் யார் பேரில் என்பதையும் விசாரித்து எழுதட்டும்.

பர்னாசஸ் பற்றி ஒரு குறையும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போக வழியே இல்லை. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்தால்தான் போக முடியும். இந்த ஞாயிறு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
கோவில்பட்டி (தற்போது நாஷ்வில்)