ஆறு மாதக் கெடு வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் பக்கவாதம் பற்றிய கட்டுரையில், ‘ஆறு மாதத்துக்குள் திரும்பாத அசைவு இனி திரும்பாது, அதற்குமேல் செய்யும் பயிற்சியெல்லாம் மனத்திருப்திக்குத்தான்’ என்று ஒரு வரி வந்திருந்தது. என் கணவர் உங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். வலப்பக்கம் விழுந்த பிறகு இடக்கையால் பக்கம் புரட்டிப் படிக்கிறார். அந்த வரியை அவரும் படித்தார். மறுநாள் ஃபிசியோதெரபி செய்ய வந்த பெண்ணிடம், “இனி எதுக்கும்மா?” என்று கேட்டார். அவருக்குப் பக்கவாதம் வந்து ஓராண்டு தாண்டிவிட்டது.

முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நாட்களை வீணாக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் கைகூப்பி வரவேற்றிருப்பேன். வேகம் குறைவது வேறு, நின்றுபோவது வேறு. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மருத்துவப் பக்கம் நடத்தும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் அதில் இருந்தார்கள். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது நிமிர்த்த முடிந்தவர்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, பாதித்த கையையே இரண்டு வாரம் வேலை வாங்கினார்கள். அதனால் கையில் வந்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. 2011-இல் 408 பேரிடம் நடந்த நடைப்பயிற்சி ஆய்வில், ஆறாம் மாதம் டிரெட்மில் பயிற்சியைத் தொடங்கியவர்களும் ஆண்டு முடிவில் மற்றவர்களுக்கு இணையாக வந்துவிட்டார்கள். உங்கள் கணக்குப்படி அவர்கள் தொடங்கியிருக்கவே கூடாது.

ஆய்வுகள் கிடக்கட்டும், என் வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறாம் மாதத்தில் அவர் நாற்காலியிலிருந்து எழ ஒருவர் துணை வேண்டும். எழும்போது உடல் முழுவதும் இடக்கால் மேலேயே சாயும். ஃபிசியோ பெண் வலது பாதத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்து, அந்தக் கால் எடை தாங்கும்படி செய்து, எழுந்து உட்கார, எழுந்து உட்கார என்று விடாமல் பழக்கினார். இன்று துணையில்லாமல் எழுகிறார். வலக்கை எழுதாது, உண்மைதான். ஆனால் இடக்கை எழுதும்போது தாள் நகராமல் அழுத்திப் பிடிக்கிறது. பத்தாம் மாதத்தில் வந்த அசைவு அது. அதை மனத்திருப்தி என்கிறீர்களா ஐயா?

எழுத ஆரம்பித்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். முன்பொரு இதழில், மகன் தந்தையின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது போல ஒரு படம் போட்டீர்கள். தசை தளர்ந்த தோளில் கையின் எடையே எலும்பை மூட்டிலிருந்து இறக்கிவிடும். அந்தக் கையை இழுக்கவே கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். பார்க்க வந்த உறவினர் ஒருவர் உங்கள் படத்தில் உள்ளபடியே இவரை எழுப்பினார். அதன்பின் தோள்வலியால் கைப்பயிற்சியே பல வாரம் தடைப்பட்டது.

இன்னொரு முறை, ‘மன உறுதியால் எழுந்து நடந்தவர்’ என்று இரண்டு பக்கம் எழுதினீர்கள். அவர் நடந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் யார் பயிற்சி கொடுத்தார்கள், மூளையில் எந்த அளவு பாதிப்பு என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அதைப் படித்த பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இவரிடம், “நீங்க மனசு வைக்கணும்” என்று சொல்லத் தொடங்கினார்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு தூங்கி எழுந்தாலும் போகாது. மனச்சோர்வும் பலருக்குச் சேர்ந்தே வருகிறது. வேர்க்க விறுவிறுக்க நின்று பழகும் மனிதரிடம் போய் மனசு வைக்கச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

‘வீட்டார் அன்பாகச் செய்தாலே போதும், தெரபிஸ்ட் தேவையில்லை’ என்ற துணுக்கும் உங்கள் இதழில் வந்ததுதான். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே செய்யவைத்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2017-இல் முடிவு வந்தது. என் அன்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விறைத்த விரலை எந்த அளவு நீட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளுக்கு ஒரு பக்கம் இருந்தது. பயிற்சிக்கு ‘ஃபிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரே வரி. எங்களைப் போன்றவர்கள் மீதியைப் பத்திரிகைகளில்தான் தேடுகிறோம். அங்கேயும் கதவைச் சாத்தினால் எங்கே போவது?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆறு மாதம் என்பது கெடு அல்ல, அதன் பிறகும் தகுந்தவர் மேற்பார்வையில் பயிற்சி பலன் தரும் என்று அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரி போடுங்கள். இடம் இருந்தால், நோயாளியைக் கையைப் பிடித்து இழுக்காமல் எப்படி எழுப்புவது என்று ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டு ஒரு படமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி