அப்பாவின் மூன்று துப்பாக்கிகள்

தாண்டிக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மிளகு இந்த முறை நன்றாகச் சரம் பிடித்திருக்கிறது. காப்பிப் பழம் பறிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

போன வாரம் நீ கேட்டதற்குத் தொலைபேசியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "இரட்டைக்குழலை விற்றுவிடாதீர்கள், அப்பா நினைவாக என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்றாய். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 ஆண்டுகள் இருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு விண்ணப்பிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் சொல்கின்றன. எனக்கு 70 ஆகிவிட்டது. ஆனால் தம்பி, நீ கேட்பதற்கு முன்பே அதை மதுரைக்குக் கொண்டுபோய் வணிகரிடம் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கியாயிற்று. உரிமப் புத்தகத்தைத் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் செய்தேன் என்று வருத்தப்படுவாய். வருத்தப்படு, ஆனால் இதை முழுவதும் படித்துவிட்டு வருத்தப்படு. அந்தத் துப்பாக்கிகளுக்கு இந்த வீடு என்ன கொடுத்தது என்பது உனக்குத் தெரியாது. நீ விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய். தெரிய வேண்டாம் என்று நாங்களும் நினைத்தோம்.

முதலாவது தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி. குழல்வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு இடித்துச் சுடுவது. 1972இல் வனவிலங்குச் சட்டம் வருவதற்கு முன் தாத்தா அதை வைத்துக் காட்டுக்கோழி சுட்டிருக்கிறார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சுடாத துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும், அப்போதெல்லாம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டம் ஆன 1985க்கு முன்பு அதற்கும் மதுரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. மலை இறங்கி, வத்தலக்குண்டில் பஸ் மாறி, அங்கே போனால் அதிகாரி முகாமுக்குப் போயிருப்பார். 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாகக் குறைத்து, மிச்சத்தை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்போது நான் முதலில் கொடுத்தது இதைத்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இரண்டாவது, நீ கேட்கிற இரட்டைக்குழல். மலையை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் தாத்தா வாங்கியது. பர்மிங்ஹாமில் செய்தது. குழலுக்கு அடியில் அந்த ஊர்ச் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கும். சிறு வயதில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பாய். அந்த வருடத்துக் காப்பிப் பணத்தில் பாதி அதற்குப் போனதாக ஆச்சி சொல்வார்கள். அப்போதெல்லாம் விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். அந்தத் தவணைக்காகக் கடைக்காரரிடம் கடன் சொல்லி வைத்திருந்த வீட்டில், பாதியைத் துப்பாக்கிக்குக் கொடுத்தார்கள் என்றால் ஆச்சி எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

அப்பா அதைக் கொண்டு ஒரு விலங்கையும் கொன்றதில்லை. அதை நான் பெருமையாகவே சொல்கிறேன். பன்றியும் காட்டுமாடும் வாழைக்குள் இறங்கினால் வானத்தைப் பார்த்துச் சுடுவார். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமத்தில் எழுதியிருந்தாலும், காட்டுப்பன்றியைச் சுட அந்த உரிமம் போதாது. அதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். பன்றிகளும் நாளாவட்டத்தில் வெடிச்சத்தத்துக்குப் பழகிவிட்டன. பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வரும்.

அந்தச் சத்தத்துக்கு அப்பாவின் காது பழகவில்லை. 'பன்னிரண்டு போர்' என்ற குழல் அளவுள்ள அந்தத் துப்பாக்கியின் ஓசை 150 டெசிபெலுக்கு மேல். காதை மூடாமல் ஒருமுறை கேட்பதே கெடுதல் என்று மதுரையில் காது மருத்துவர் சொன்னபோது, அப்பா இருபது வருடத்துக்கு மேலாகச் சுட்டு முடித்திருந்தார். வலது தோளில் கட்டையை வைத்துச் சுடுகிறவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகுமாம், குழல்வாய்க்குப் பக்கத்தில் இருப்பது அதுதான் என்பதால். அப்பாவுக்கு இடது காது முதலில் போயிற்று, பிறகு வலதும் குறைந்தது. கீச்சென்ற உயர்சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். ஆட்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. இரவெல்லாம் காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்பார்.

நீ வேலைக்குப் போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய். அப்பா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்பார். "அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம்?" என்று நீ ஒருமுறை கேட்டாய். கோபம் இல்லை தம்பி. நீ சொன்னது அவருக்குப் புரியவில்லை. "என்ன, என்ன" என்று பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நீ பேசி முடித்ததும், "என்ன சொன்னான்?" என்று என் எதிரில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கேட்பார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார். இரட்டைக்குழலுக்குக் கொடுத்ததில் இதைத்தான் நான் பெரிய தொகையாக எண்ணுகிறேன்.

மூன்றாவதைப் பற்றி உனக்கு அதிகம் தெரியாது. 1994இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிச் செடிகள் கருகின. இங்கே எங்களுக்கு விலை ஏறியது. அந்தப் பணம் கையில் இருந்தபோது, கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வர் ஒன்றை அப்பா வாங்கினார். வத்தலக்குண்டு வங்கியிலிருந்து கூலிப் பணம் எடுத்து வரும்போது இடுப்பில் இருக்கட்டும் என்றார். எனக்குக் காப்பி உலர்த்தும் களத்துக்கு சிமெண்ட் போட வேண்டும் என்று ஆசை. களம் இன்னும் ஐந்து வருடம் மண் தரையாகவே கிடந்தது. வழியில் யாரும் அவரை மறித்ததில்லை.

பிறகு விலை விழுந்தது. வியட்நாமில் காப்பி கொட்டிக் குவிந்தது. 2001இல் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. அப்பா தூங்குவதை விட்டுவிட்டார். நடுஇரவில் எழுந்து கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். ரிவால்வர் அந்த அலமாரியில்தான் இருந்தது. ஒரு வார்த்தை தவறாகச் சொன்னாரில்லை, ஒன்றும் செய்தாரில்லை. ஆனாலும் நான் அந்த மாதங்களில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அவர் எழுந்தால் நானும் எழுவேன், தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி.

அந்த மே மாதம் சட்டமன்றத் தேர்தல். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் சலித்துக்கொள்வேன். அறைமூலையில் சாத்தி வைத்திருந்துவிட்டு, அட்டை கட்டி, துரு ஏற்றித் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் நான் சாமிக்கு விளக்கேற்றினேன். துப்பாக்கிகள் வீட்டில் இல்லாத அந்த வாரங்களில்தான் தூங்கினேன். முடிவு வந்து அப்பா திரும்ப வாங்கக் கிளம்பியபோது வாசலில் நின்று, "சின்னதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீ சொல்வதும் நல்லதுதான்" என்றார். மதுரையில் வணிகரிடம் பாதுகாப்பில் வைத்தோம். மாத வாடகை கட்டினோம். காப்பி விலை திரும்பிய பிறகும் அவர் அதைக் கேட்கவில்லை. அவர் போன பின் வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு வந்தது, வந்தவுடன் விற்றேன். கையெழுத்துப் போட்டபோது கடைக்காரர் எடுத்துக் காட்ட வந்தார். பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீயும் கடன் வாங்கி வீடு வாங்கியிருக்கிறாய், உன் வேலையும் நிலையில்லை என்கிறாய். உனக்குத் தூக்கம் வராத இரவுகள் இருந்தால் எனக்குச் சொல். எந்த நேரமானாலும் கூப்பிடு. பெங்களூரில் உன் அடுக்குமாடி வீட்டில், இரண்டு சிறு பிள்ளைகள் நாற்காலி போட்டு ஏறித் தேடாத இடம் எது இருக்கிறது? அங்கே இரட்டைக்குழல் வர நான் சம்மதிக்க மாட்டேன்.

விலையும் கேட்டிருப்பாய். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுபோனதால் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிக்கு நல்ல மதிப்பு என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். வணிகர் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே துருக்குழிகள். தோட்டா போடும் அறையோ பழைய அளவு, 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாக வருகிற 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதில் போடவே கூடாது. ஆகவே அப்பா நினைத்திருந்த விலையில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. நான் பேரம் பேசவில்லை. மிச்சமிருந்த கட்கி அரசுத் தொழிற்சாலைத் தோட்டாக்களையும் கணக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பணத்தை வாழைத் தோட்டத்துக்குச் சூரியசக்தி மின்வேலி போட வைத்திருக்கிறேன். 2023இல் வந்த விதிகளின்படி மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் எப்படி நிரப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு வரும்போது உன் மடிக்கணினியைக் கொண்டு வா. நிலப் பட்டா நகல், வரி ரசீது எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். கம்பம் நடுகிறவர்கள் தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு முத்தம். மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அம்மா