துளசிதாசர் பாடிய மொழி அவதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்தி இயக்கத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, கபீர், சூர்தாசர், துளசிதாசர், வித்யாபதி ஆகிய நால்வரையும் 'இடைக்கால இந்திக் கவிஞர்கள்' என்று ஒரே தொடரில் அடக்கிவிட்டது. கட்டுரையின் பிற பகுதிகள் பாராட்டுக்குரியவை. ஆயினும் வட இந்தியாவின் பல இலக்கிய மொழிகளை ஒன்றாகக் காட்டும் இவ்வழக்கத்தை மறுக்காமல் விட மனம் ஒப்பவில்லை.

பிராகிருதத்துக்குப் பின் வழங்கிய அபப்பிரம்சம் என்ற மொழிநிலையிலிருந்து கிளைத்த பேச்சுமொழிகள் அன்றே தனித்தனியாக அறியப்பட்டிருந்தன. தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோ 1318இல் இயற்றிய 'நுஹ் சிபிஹ்ர்' என்ற பாரசீக நூலில், இந்நாட்டு மொழிகளை வரிசைப்படுத்தும்போது தில்லி மொழியையும் அயோத்தி வட்டாரமான அவத்தின் மொழியையும் வேறுவேறாகவே எண்ணுகிறார். நம் சோழமண்டலக் கரையின் மொழியும் 'மஅபரி' என்ற பெயரில் அப்பட்டியலில் உண்டு.

அந்த அவத் மொழியான அவதியின் கதை வியப்புக்குரியது. அதில் நமக்குக் கிடைக்கும் முதல் பெருங்கதைப் பாடல், முல்லா தாவூத் என்ற சூஃபி (இசுலாமிய மெய்ஞ்ஞான) கவிஞர் 1379இல் பாடிய 'சந்தாயன்'. அடிக்கு 16 மாத்திரை கொண்ட சௌபாயி என்னும் யாப்பு வரிகள் ஐந்து, அவற்றை முடித்துவைக்க தோஹா என்னும் ஈரடிப் பாடல் ஒன்று என்பது அவர் கையாண்ட அமைப்பு. மாலிக் முகம்மது ஜாயசி 1540இல் தொடங்கிய 'பத்மாவத்' காவியத்தில் அந்த ஐந்து வரி ஏழாயிற்று. 1574இல் அயோத்தியில் 'ராமசரிதமானஸ்' பாடத் தொடங்கிய துளசிதாசர், பெரும்பாலும் எட்டு வரிக்கு ஒரு தோஹா என்று அதே வடிவத்தை இராமகதைக்கு ஏற்றார். சூஃபிகள் காதல் கதைக்குப் பண்படுத்திய யாப்பில்தான் வட நாட்டின் இராமகாதை நிற்கிறது என்பதை 'இந்தி' என்ற பொதுப்பெயர் மறைத்துவிடுகிறது. வடமொழியை விட்டு மக்கள் மொழியில் பாடுவது எளிதாகவும் இருக்கவில்லை. தம் பாடல் 'பாஷை'யில் அமைந்தது, நகைப்பவர் நகைத்தால் அதில் குற்றமில்லை என்று துளசியே பாலகாண்டத்தில் அவையடக்கம் கூறுகிறார்.

பிரஜ் மொழியோ மதுரா வட்டாரத்தில் சூர்தாசர் முதலியோரின் கண்ணன் பாடல்களால் சிறந்து, பிறகு பிறந்த மண்ணைக் கடந்து அரசவைகளின் கவிதை மொழியாயிற்று. கேசவதாசர் 'ரசிகபிரியா'வை 1591இல் இயற்றியது புந்தேல்கண்டின் ஓர்ச்சாவில். அக்பரின் தளபதி ரஹீம் அம்மொழியில் தோஹாக்கள் பாடினார். குஜராத்தின் புஜ் நகரில் பிரஜ் கவிதை கற்பிக்கவே 18ஆம் நூற்றாண்டில் ஒரு பாடசாலை நடந்தது.

இன்றைய இந்திக்கு அடிப்படை தில்லி, மீரட் பகுதியின் பேச்சுமொழியான கரீபோலி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கவிதையில் பிரஜின் இடத்தைப் பிடித்தது. வித்யாபதி பாடிய, மிதிலைப் பகுதியின் மொழியான மைதிலி 2003ஆம் ஆண்டின் 92ஆம் திருத்தத்தால், மொழிகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. அவதிக்கும் பிரஜுக்கும் அந்த இடம் கிட்டவில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவற்றை இந்திக்குள்ளேயே சேர்க்கிறது. இத்தனை பெரிய இலக்கியம் உள்ள மொழிகளுக்கு இது நியாயமன்று.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் கவிஞர் பாடிய மொழியின் பெயரையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கபீரின் பாடல்கள் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்தில் ஒரு விதமாகவும் கபீர் நெறியினரின் 'பீஜக்' தொகுப்பில் வேறு விதமாகவும் வழங்குவதால், அவர் மொழியைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்