சாவடிக் கல்லுக்குப் பெயர் சேர்ப்போம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம்மூர்ச் சாவடிச் சுவரில் பதித்த சலவைக்கல்லில் ஆங்கிலத்தில் உள்ளது இவ்வளவுதான்: இவ்வூரிலிருந்து 41 பேர் 1914-1919 பெரும்போருக்கு (முதல் உலகப்போர்) சென்றனர், அவர்களுள் 4 பேர் உயிர் நீத்தனர். ஒரு பெயர்கூட இல்லை. அந்தப் போரில் இறந்தவர்களுக்காக ஈராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர் பொறித்தார்கள். சிப்பாய்களை ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. நம் கல்லுக்குப் பெயர் சேர்ப்பது நம் கடமை.

முதலில் கல்லைக் காப்பாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் இரும்புக் கொக்கிகள் துருவேறிப் பருத்ததால் இடது மூலை பிளந்திருக்கிறது. ஓரங்களில் பூசிய சிமென்ட் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்துக்கொள்ள, உப்புப் பூத்துக் கல்லின் முகம் பொடியாக உதிர்கிறது. எழுத்தின் மேல் மூன்று கோட் எனாமல் பெயின்ட் வேறு. நல்ல எண்ணத்தில் செய்ததுதான் எல்லாம். ஆனாலும் இனி யாரும் ஆசிட், கம்பி பிரஷ், உப்புத்தாள் எதையும் கொண்டுபோக வேண்டாம். சலவைக்கல் சுண்ணாம்புச் சத்தால் ஆனது, ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும், எழுத்தும் சேர்ந்து போகும்.

வேலை இப்படி நடக்கும்: சிமென்ட்டைச் சிற்றுளியால் கொத்தி எடுத்து, எவர்சில்வர் கொக்கி மாற்றி, ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு மணல் சாந்து பூசி, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காயவிடாமல் வைப்பது. பெயின்ட்டை, அதை இளக்கும் ஜெல் தடவி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். பாசிக்குத் தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும்.

பழைய கல்லைச் சீராக்க 55,000 ரூபாய், கொக்கி, சாந்து வேலைக்கு 20,000, ஒழுகும் சாவடிக் கூரைக்கு 20,000, பக்கத்தில் தனியாக நிற்கும் பெயர்ப் பலகைக் கருங்கல்லுக்கு 45,000. ஆக மொத்தம் 1,40,000 ரூபாய். பழைய கல்லில் ஒரு துளைகூடப் போட மாட்டோம்.

பெயர் தேடுவதுதான் கடினமான வேலை. ஆணையத்தின் இணையப் பதிவுகளில் சிலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு. ஆனால் முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். அதனால் ஊர், தாலுகா பெயரை வைத்துத் தேடுவதே பலன் தரும். இரண்டு சான்று ஒத்துப்போனால்தான் பெயரைப் பொறிப்போம். திரும்பி வந்த 37 பேரின் பெயர்களும் அதே பலகையில் இடம்பெறும். உயிரோடு வந்ததாலேயே அவர்கள் இழப்பு கணக்கில் சேராமல் போய்விடக் கூடாது.

பரணில் பழைய மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த எழுத்து மழுங்கிவிடும். அப்படியே படம் எடுத்துக் குழுவுக்குக் காட்டினால் போதும், மெடல் உங்களிடமே இருக்கட்டும். பென்ஷன் புத்தகம், பழைய கடிதம் எதுவானாலும் உதவும்.

நன்கொடையைச் சாவடியில் குழுவினரிடம் கொடுத்துக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கு முன் கூரையை முடித்தாக வேண்டும் என்பதால் முதலில் சேரும் 20,000 ரூபாய் அதற்கே போகும். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் சாவடிப் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
சாவடிக் கல்வெட்டுச் சீரமைப்புக் குழு